பாரிஸ்டர் சாப்பாடு

1

ஒவ்வொரு கார்த்திகையிலும் அப்பாவின் திதிக்காக ஆபீசில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுக்கிறேன். வந்த புதிதில், காரணம் கேட்கும் இடத்தில் ‘தகப்பனாரின் நினைவு நாள்’ என்று எழுதினேன். மேலதிகாரி அம்மாள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மறுவருஷம் திதி கொஞ்சம் தள்ளி வந்தது. அவள் பழைய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “போன வருஷம் உங்கள் தகப்பனார் நவம்பரில் அல்லவா இறந்தார்?” என்று கேட்டாள். சந்திரன், தேய்பிறை, சப்தமி என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ‘சமயக் கடமை’ என்று மட்டும் எழுதுகிறேன். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

லண்டனின் வடக்கு ஓரத்தில் ஒரு நகரசபையின் சட்டப் பிரிவில் எனக்கு வேலை. குடியிருப்புத் தகராறுகளின் காகிதங்களைச் சேர்த்துக் கட்டி, கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் திருவனந்தபுரத்தில் இந்த வேலைக்கு வக்கீல் குமாஸ்தா என்று பெயர். என் அப்பாவும் வக்கீல் குமாஸ்தாதான். அவருக்கு இருந்த ஒரே ஆசை, நான் குமாஸ்தா ஆகக் கூடாது என்பது.

சட்டப்படி நான் ஒரு பாரிஸ்டர். பட்டம் இருக்கிறது. கறுப்பு அங்கியும் குதிரைமயிர் விக்கும் அலமாரியின் மேல்தட்டில் தகரப்பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு இந்த நாட்டிலும் சரி, நம் நாட்டிலும் சரி, ஒரு கோர்ட்டில்கூட நான் நின்றதில்லை. ஏன் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஒருமாதிரி சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையில் இத்தனை வருஷமும் எனக்கே பாதிக் காரணம்தான் தெரிந்திருந்தது. மீதிப் பாதி இந்த மாதம் தெரிந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருந்து படிக்கிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் யோசனையில் இருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

2

அப்பா சுப்பிரமணிய அய்யர், வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு மலையாளி பாரிஸ்டரிடம் குமாஸ்தா. மகாராஜா காலத்திலேயே லண்டன் போய்ப் பட்டம் வாங்கி வந்த மனிதர் அவர். அப்பா அவரை எஜமானர் என்றுதான் சொல்வார். காலையில் எங்கள் வீடு இருந்த கரமனையிலிருந்து பஸ் ஏறி, கிழக்கே கோட்டையில் இறங்கி, மிச்ச தூரம் நடந்து போவார். கேஸ் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு எஜமானருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடப்பது அவர் உத்தியோகம். எஜமானர் வந்தால் கோர்ட் வராந்தாவில் நிற்கிற கறுப்புக் கோட்டுகள் தானாக ஒதுங்குமாம். அந்த ஒதுங்கலை அப்பா வீட்டில் நடித்தே காட்டுவார். அதில் எஜமானர் வேஷமும் அவரே, ஒதுங்குகிற வக்கீல்களும் அவரே.

நான் பி.ஏ. முடித்தது அறுபதுகளின் நடுவில். வக்கீலுக்குப் படிக்க ஆசை இருந்தது. அதற்கு ஊரை விட்டுப் போகவே வேண்டாம். லா காலேஜ் எங்கள் ஊரிலேயே இருந்தது. அங்கே பட்டம் வாங்கி, ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் வேலை பழகி, வக்கீல்களின் சபை வைக்கும் பரீட்சையை எழுதினால் ஹைகோர்ட் இருக்கும் எர்ணாகுளத்தில் பெயரைப் பதிந்துகொள்வார்கள். வேறு எந்தச் சம்பள வேலையும் பார்க்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அன்றைக்கு முறை அப்படித்தான். இந்த விதிகள் எல்லாமே அப்பாவுக்கு மனப்பாடம். எத்தனையோ ஜூனியர் பையன்களுக்கு அவரே ஓடியாடிக் காகிதம் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

“வக்கீல்னா இங்கே தடுக்கி விழற எடமெல்லாம் வக்கீல்” என்றார் அப்பா. “கோட்டு கைப்பக்கம் கிழிஞ்சு, கட்சிக்காரன் வருவானா வருவானான்னு வராந்தாவைப் பாத்துண்டு நிப்பன். நான் தினம் பாக்கறேன். நீ அப்படி நிக்கப் படாது. நீ பாரிஸ்டராக்கும்.”

“லண்டனுக்கெல்லாம் நம்மால ஆகுமாப்பா?”

“முதல்ல ஏதாவது வேலைன்னு போ. போனப்பறம் படி. எஜமானர் சொல்லிட்டார், அங்கே வேலை பாத்துண்டே பாரிஸ்டர் ஆகலாமாம். அவா தடுக்க மாட்டா.”

அப்படித்தான் அறுபதுகளின் கடைசியில், ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நான் லண்டன் வந்தேன். சட்டம் படித்து ஊருக்குத் திரும்ப வேண்டும், வஞ்சியூர் வராந்தாவில் அப்பா எனக்குப் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அப்பாவை அப்படி நடக்கவிட மாட்டேன் என்று நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

3

இந்த ஊரில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. சாப்பிட வேண்டும்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாரிஸ்டர்களுக்கு இங்கே பழங்காலத்துச் சங்கங்கள் உண்டு. அதில் ஒன்றில் சேர வேண்டும். வருஷத்துக்கு நான்கு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை என்று கணக்கு வைத்து, சாயங்காலம் சங்கத்துப் பெரிய கூடத்தில் மற்ற மாணவர்களோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் அந்தப் பருவம் கணக்கில் சேரும். சாப்பிடாவிட்டால், பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் பட்டம் கிடையாது. ஒரு காலத்தில் படிப்பே சாப்பாட்டு மேஜையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்பதுதானாம். படிப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது, சாப்பாடு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. சடங்குகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

நான்கு நான்கு பேராக உட்கார வைப்பார்கள். நால்வருக்கும் சேர்த்து ஒயின் வரும். நான் குடிக்க மாட்டேன் என்று தெரிந்ததும் என் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி நடந்தது. இந்த ஊரில் எனக்கு அவ்வளவு மவுசு வேறெங்கும் இருந்ததில்லை. சாப்பாடு என்னவோ எனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்தான். பரிமாறுகிறவர் பாசத்தோடு அதன்மேல் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்ற வருவார். நான் தட்டின் மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொள்வேன்.

இதை எல்லாம் அப்பாவுக்கு விவரமாக எழுதினேன். அவருடைய பதில் எஜமானர் வீட்டு விலாசத்திலிருந்து வந்தது. எழுதியது வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாதாம். ‘ஒரே மேஜையில் மாமிசமும் உண்டு என்று உன் அம்மாவிடம் பறயவேண்டாம். பரீட்சை என்று சொன்னால் போதும். அவளுக்குப் பரீட்சை மட்டுமே தெரியட்டும்’ என்று எழுதியிருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து எழுதுவதே அவர் வழக்கம். நானும் அம்மாவுக்கு எழுதும்போதெல்லாம் பரீட்சை என்றே எழுதினேன். இது எவ்வளவு பெரிய வினையாகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கமலாவும் கரமனைப் பெண்தான். இங்கேயே உமா பிறந்தாள். பகலில் கிடங்கு, சாயங்காலம் படிப்பு என்று ஓடி, எழுபத்தைந்தாம் வருஷக் கடைசியில் பரீட்சைகள் எல்லாம் முடிந்தன. சில பருவங்களின் சாப்பாடுதான் பாக்கி. அடுத்த கோடைக்குள் அதையும் முடித்துப் பட்டம் வாங்கி, மழைக்காலம் ஓய்ந்ததும் ஊருக்கு மூட்டை கட்டுவது என்று கமலாவும் நானும் பேசி வைத்திருந்தோம். அந்தக் கார்த்திகையில் தந்தி வந்தது.

4

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாம் நாள். கோர்ட்டிலிருந்து திரும்பிய அப்பா, கட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். அம்மா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது சித்தப்பா பிள்ளை. மிச்சம் இருந்த நாட்களின் காரியங்களை நான் செய்தேன்.

பத்தாம் நாள் கரமனை ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து, ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போகவேண்டிய நேரம். அவள் அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். அம்மாவின் அந்த நாளைய முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

“நீலு, கொள்ளிதான் நீ வெக்கலை” என்றாள். “அது உன் தப்பில்லை. பிளேன் கிடைக்கலை, நீ என்ன பண்ணுவே. ஆனா இந்த ஒரு வருஷம் நீதான் கர்த்தா. வருஷாப்தீகம் ஆறவரைக்கும் வெளியில ஒரு வாய் சாப்பிடாதே. கடையில காப்பி கூட வேண்டாம். கமலா கையால மட்டும் சாப்பிடு. இது ஒண்ணு எனக்காகப் பண்ணு.”

நான் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தேன்.

“பரீட்சை எழுதிக்கோ” என்றாள். “அதுக்கு நான் குறுக்கே நிக்கலை. அவருக்கு அதானே ஆசை. சாப்பாடு மட்டுமாக்கும் நான் கேக்கறது.”

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்தப் படியில்? பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டதம்மா, சாப்பாடுதான் பாக்கி என்று சொல்லவா?

சொல்லவில்லையே தவிர, மனம் அடங்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் வலியசாலைக்குப் போனேன். காரியம் பண்ணி வைத்த சாஸ்திரிகளின் வீடு அங்கே. அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் காதைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்.

“சாப்பிட்டாத்தான் பட்டமா?”

“ஆமாம்.”

“நல்ல ஊர்” என்றார். “ஆனா பரான்னம் பரான்னந்தான், கேட்டியோ. அடுத்தவா போடற சாப்பாடு ராஜா போட்டாலும் அப்படித்தான், ராணி போட்டாலும் அப்படித்தான். பிராயச்சித்தம் வேணா பண்ணிக்கலாம், அதுக்கு வழி உண்டு. அம்மாகிட்டே வாக்குக் கொடுத்தாச்சோ?”

“கொடுத்தாச்சு.”

“பின்னே எங்கிட்ட எதுக்குக் கேக்கறே?”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் சாப்பிட்டால் ஆயிற்று என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சங்கமோ கூடமோ எங்கேயும் ஓடிப் போகப் போவதில்லை.

லண்டன் திரும்பி அந்த வருஷம் முழுதும் நான் அந்தக் கூடத்துக்குள் காலடி வைக்கவில்லை. தாடி வளர்த்தேன். தூக்குப் பாத்திரத்தில் கமலா கட்டிக் கொடுத்த சாதத்தோடு கிடங்குக்குப் போனேன். ஒருநாள் மத்தியானம் சங்கத்து நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கப் போனபோது, வாயிலில் நிற்கும் பழைய காவல்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சாப்பாட்டுக்கு உங்களைக் காணோமே ஐயா, உங்கள் பங்கு ஒயினுக்கு ஆட்கள் ஏங்கிப் போயிருக்கிறார்கள்” என்றார். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டில் சாவு, நான் வெளியில் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பின்னாளில் ஆபீசில் சந்திரனைப் பற்றிச் சொல்லப்போய்ப் பட்டேனே, அப்படி ஆகிவிடும் என்ற பயம் அன்றைக்கே இருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

வருஷாப்தீகம் முடிந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டு, எழுபத்தேழு கோடையில் பட்டம் வாங்கினேன். கிடங்கு வேலையை விட்டேன். வீட்டைக் காலி செய்தோம். மூன்று பேருமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

வந்த அன்று அம்மா தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். “இது யார் மயிருடா?”

“குதிரைம்மா.”

“குதிரை மயிரைத் தலையில வெச்சுண்டா அவா நியாயம் பேசறா?” என்றாள். பிறகு பெட்டியை மூடி, சுவாமி அறைப் பக்கம் வராமல் வாசல் அறையிலேயே வைக்கச் சொன்னாள். வைத்த பிறகும், தெருவில் யார் வந்தாலும் கூப்பிட்டுக் காட்டினாள்.

மறுநாள் வஞ்சியூருக்குப் போனேன். எஜமானர் காலமாகிவிட்டிருந்தார். அவர் மகன் கோபகுமார்தான் அப்போது அந்த ஆபீசில் வக்கீல். சின்ன வயதில் அவன் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு வளர்ந்தவன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பெயரைப் பதிவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். புன்னகையோடு சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். பிறகு புன்னகை இல்லை. இன்னொரு புத்தகம் எடுத்தான். அதற்கு நடுவே ஒட்டியிருந்த சட்டத்திருத்தத் துண்டுத்தாளை இரண்டு தடவை படித்தான்.

“நீலகண்டா, இது கஷ்டமாயிப் போச்சு கேட்டோ” என்றான்.

“என்ன?”

“சட்டம் மாத்திக் களஞ்ஞு. லண்டன் பாரிஸ்டர் இனிமேல் இவிடே செல்லாது. எழுபத்தாறு டிசம்பர் முடியறதுக்கு முன்னால பட்டம் கிட்டியவர்க்கு மட்டும்தான் இவிடே வக்கீலாகலாம்.” என் பட்டத்தில் இருந்த தேதியை விரலால் தொட்டான். “நீ வைகிப் போயி. எந்தா இத்ர வைகியது?”

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறான்.

“அப்பா போயிட்டாரே” என்றேன்.

“அது அறியாம்” என்று, தெரிந்த விஷயம்போலத் தலையாட்டினான். “அதுக்கு?”

ஜன்னல் வழியே வராந்தாவைப் பார்த்தேன். கோட்டுக் கை கிழிந்த ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு கட்சிக்காரர் யாராவது வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் உள்ளே நிற்கலாம்.

கோபன் நல்லவன். எர்ணாகுளத்துக்கும் கூடவே வந்தான். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார், காப்பி வரவழைத்தார், அதே துண்டுத்தாளைக் காட்டினார். வருகிற வழியில் கோபன், “இங்கே லா காலேஜில் சேர்ந்தால் மதி, அது போதும். மூணு வருஷம் கழிஞ்ஞால் நீயும் வக்கீல்” என்றான். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் அந்தக் காலேஜில் பன்னிரண்டு வருஷம் முன்பே சேர்ந்திருக்க வேண்டியவன் நான். கையில் குழந்தை, வருமானம் கிடையாது, அம்மாவும் என் பொறுப்பு. மூன்று வருஷம் யார் சோறு போடுவது? மாதம் முடிவதற்குள் லண்டன் வேலைக்கு மறுபடி கடிதம் எழுதினேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. ‘சாப்பாடு மட்டுமாக்கும் நான் கேக்கறது’ என்று ஆற்றங்கரையில் கேட்டவளிடம், நீ கேட்ட அந்த ஒன்றால்தான் என்று எந்தப் பிள்ளை சொல்வான்? லண்டனில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு உமாவைப் பார்த்தாள். பெட்டிக்குள் துணிகளை அவளே மடித்து வைத்தாள். அவனுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போய்விட்டது என்று பிறகு தெருவில் எல்லோரிடமும் சொன்னாளாம். இதைக் கமலாவின் தங்கை எழுதித்தான் தெரிந்துகொண்டோம்.

6

இங்கே வந்து, பட்டம் இருக்கிறதே என்று பாரிஸ்டர்களின் ஆபீஸ்களுக்கு எழுதிப் பார்த்தேன். பட்டம் வாங்கியவனும் ஒரு மூத்தவரிடம் வேலை பழகின பிறகே கோர்ட்டில் வாதாடலாம். பழகச் சேர்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. இடம் நிரம்பிவிட்டது என்று எல்லோரும் மிக நல்ல காகிதத்தில் பதில் எழுதினார்கள். கடைசியில் நகரசபையில் வேலை கிடைத்தது. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வக்கீல்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடக்கிறேன். அப்பாவைவிட எனக்குக் கோட்டு நன்றாக இருக்கிறது. நடுவில் இரண்டு தடவை ஊருக்குப் போய்வந்தேன். இரண்டு தடவையும் வஞ்சியூர்ப் பக்கம் போகவில்லை.

உமாவுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். பள்ளியில் மத்தியானம் கோழி சாப்பிடுகிறாள் என்று கமலா கண்டுபிடித்து ஒரு வாரம் அழுதாள். நான் அதட்டவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தும் தைரியம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

இந்த வருஷம் எங்கள் பிரிவில் டேவிட் என்று ஒரு பையன் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தான். ஆசாரமான யூதக் குடும்பம். தலையில் சின்னக் குல்லா. அவர்களுக்கும் வெளிச் சாப்பாடு ஆகாது. வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருவான். நானும் டப்பா. ஆபீஸ் கேன்டீனுக்குப் போகாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால், மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் டப்பாவைத் திறப்போம். பாரிஸ்டருக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னான். எந்தச் சங்கம் என்று கேட்டேன். என்னுடைய சங்கம்தான்.

“நானும் அங்கேதான் பட்டம் வாங்கினேன்” என்றேன். அவன் நம்பாமல் என் மேஜைமேல் கிடந்த கேஸ் கட்டுகளைப் பார்த்தான். பிறகு மரியாதைக்காகப் பார்வையை எடுத்துக்கொண்டான்.

“அந்தச் சாப்பாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டான்.

“உருளைக்கிழங்கு. நீ?”

“நான் சாப்பிடுவதே இல்லை.”

“அப்படியானால் பருவம் எப்படிக் கணக்கில் சேரும்?”

“அதெல்லாம் சேரும்” என்றான், ரொட்டியை மென்றுகொண்டே. “சாப்பாடு தொடங்கும்போது சொல்லும் முதல் பிரார்த்தனைக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். கடைசிப் பிரார்த்தனை முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. விதியில் இருப்பது அவ்வளவுதான். நான் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். சேர்ந்த வாரமே ஆபீசில் போய்க் கேட்டுவிட்டேன். அங்கே இருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்தால் போதும், வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றாள்.”

“இது புது விதியா?”

“புதிதா? அங்கே எதுவுமே புதிதில்லை. என் மாமா சேர்ந்தது அறுபதுகளில். அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.”

நான் டப்பாவை மூடிவிட்டேன். வயிறு சரியில்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அன்று வீடு திரும்பும் ரயிலில் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. ஒரு விஷயம் அவனுக்கும் எனக்கும் ஒன்றாகவே இருந்தது. சாப்பிடக் கூடாது, ஆனால் சாப்பாட்டு மேஜைக்குப் போயாக வேண்டும். அவன் நேரே போய் மேஜைக்காரர்களிடம் கேட்டான். நான் வலியசாலைக்குப் போய் சாஸ்திரிகளிடம் கேட்டேன். நம் பக்கத்து விதியைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியதே தவிர, அவர்கள் பக்கத்து விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. கோர்ட்டு விதி என்றால் சுவரில் அடித்த ஆணி, அதைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது குமாஸ்தா வீட்டுப் பழக்கம். சட்டம் படித்தும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வாயிலில் நின்ற காவல்காரரிடம், வீட்டில் சாவு, சாப்பிடக் கூடாது என்று அன்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அவரே சொல்லியிருப்பார், சும்மா வந்து உட்காருங்கள் ஐயா என்று. நான் வேலை அதிகம் என்றேன்.

அம்மா கேட்டதும் நடந்திருக்கும், அப்பா கேட்டதும் நடந்திருக்கும். ஒன்றுக்கொன்று விரோதமே இல்லை. அந்த வருஷம் பூராவும் தாடியோடு, தண்ணீரோடு, அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எழுபத்தாறு கோடையில் பட்டம். மழை ஓய்ந்ததும் கரமனை. இந்த நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை. கமலாவிடம் சொன்னேன். அவள், “இத்தனை நாள் தெரியாம இருந்தது, இன்னும் தெரியாமலே இருந்திருக்கப் படாதா” என்றாள்.

7

நேற்று அப்பாவின் திதி.

எங்கள் பக்கத்தில் சாஸ்திரிகள் கிடையாது. வலியசாலை சாஸ்திரிகள் முன்பு ஒருதடவை ஊருக்குப் போனபோது மந்திரம் முழுவதையும் கேசட்டில் பேசிக் கொடுத்தார். நடுநடுவே, “இப்போ ஜலம் விடு... விட்டாச்சோ? சரி” என்று அவர் காத்திருப்பதும் அதில் இருக்கிறது. ஒரு இடத்தில் வலியசாலைத் தெருவில் பஸ் ஹாரன் கேட்கும். அவரும் இப்போது இல்லை. சென்ட்ரல் ஹீட்டிங் போட்ட அறையில், பனியன் இல்லாமல் வேட்டியோடு உட்கார்ந்து, காலமான ஒருவர் சொல்லச் சொல்லக் காலமான இன்னொருவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். முடியப் பிற்பகல் ஆகிவிட்டது.

பிறகு ஊருக்குப் போன் போட்டேன். கரமனையில் எங்கள் எதிர் வீட்டில்தான் போன் இருக்கிறது. திதியன்று அம்மா அங்கே வந்து காத்திருப்பாள்.

“எல்லாம் ஆச்சோ?” என்றாள்.

“ஆச்சும்மா.”

“சாப்பிட்டியோ?”

“இனிமேத்தான்.”

“உமா சுகமா இருக்காளா? பெரிய பரீட்சையெல்லாம் எழுதறாளாமே, கமலா எழுதியிருந்தா.” குரல் மெலிந்திருந்தது. “நான் தினம் நெனச்சுப்பேன் நீலு. அந்த ஒரு வருஷம் அவ்வளவு தூரத்துல, கேக்கறதுக்கு ஆளில்லாத ஊர்ல, நீ வாயைக் கட்டிண்டு இருந்தியே. எந்தப் பிள்ளை இருப்பன்? அந்தப் புண்ணியமாக்கும் உங்களையெல்லாம் காப்பாத்தறது. என்ன, உனக்கு இந்த ஊர்தான் பிடிக்காமப் போச்சு. போறது, அது உன் இஷ்டம். நான் வெஷமப்படலை, மனசுல வருத்தமொண்ணும் இல்லை.”

“அம்மா” என்றேன்.

கமலா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம்.

“என்னடா? சொல்லு.”

“ஒண்ணுமில்லை. அங்கே மழை உண்டா?”

“ராத்திரி பெய்தது. நீ போய்ச் சாப்பிடு. கர்த்தா பட்டினி இருக்கப் படாது” என்று வைத்துவிட்டாள்.

உமா பள்ளியிலிருந்து வந்ததும் கமலா மூன்று தட்டுப் போட்டாள். வெஸ்ட் இண்டீஸ்காரர் கடையில் வாங்கிய வாழைக்காயில் செய்த கறி, பாகற்காய், எள்ளுருண்டை, பாயசம். உட்கார்ந்தேன். கை தட்டுக்குப் போகவில்லை.

“கொஞ்சமாவது சாப்பிடுங்கோ” என்றாள் கமலா. “அம்மா சொன்னது காதுல விழுந்தது. பித்ருக்களுக்கு ஆகாது.”

முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் திதியன்று சாப்பிடாமல் நான் இருந்ததே இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இருந்தது.

“அப்பா, யூ ஆர் நாட் ஈட்டிங்” என்றாள் உமா. பிறகு என்ன தோன்றியதோ, தமிழில் கேட்டாள். “சாப்பிடலேன்னா எதுக்கு உட்காந்திருக்கே?”

“சும்மாத்தான். நீ சாப்பிடு” என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மோர் சாதத்தின் கடைசி வாய் முடிகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.